பரீட்சைக்கு வந்த சீனக் கஷாயம்

2020 ஜனவரி 31. வூஹான் நகரத்தைப் பூட்டி ஒரு வாரம் கடந்திருந்த இரவு. சீன அரசின் செய்தி நிறுவனமான ஷின்ஹுவா ஒரு துண்டுச் செய்தி வெளியிட்டது. ஷுவாங்ஹுவாங்லியன் என்ற மூலிகைத் திரவம் புதிய கொரோனா வைரஸை அடக்கக்கூடும் என்று ஷாங்காயிலும் வூஹானிலும் உள்ள இரண்டு ஆய்வுக்கூடங்கள் கண்டிருக்கின்றனவாம். அவ்வளவுதான் செய்தி. அந்த ராத்திரியே, அந்தக் குளிரிலேயே, மருந்துக்கடை வாசல்களில் நீள நீளமாக வரிசைகள். இணையக் கடைகளில் சரக்கு காலி. கால்நடைகளுக்கென்று விற்கிற ஷுவாங்ஹுவாங்லியனைக்கூட ஜனங்கள் விட்டுவைக்கவில்லை. மறுநாள் கட்சிப் பத்திரிகையான மக்கள் நாளிதழ் அவசர அவசரமாக அணை போட்டது: ஆய்வுக்கூடத்தில் அடக்குவது வேறு, மனிதருக்கு நோய் வராமல் தடுப்பதும் வந்ததைக் குணமாக்குவதும் வேறு; நீங்களாக வாங்கிக் குடிக்காதீர்கள்.

ஹனிசக்கிள் பூ, ஃபோர்சித்தியா காய், ஸ்கட்டல்லேரியா வேர், இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அந்தத் திரவம். தொண்டை வலிக்கும் காய்ச்சலுக்கும் சீன வீடுகளில் சர்வ சாதாரணமாகக் குடிப்பது. கண்ணாடிக் குப்பியில் இருக்கும் வைரஸை அடக்குவது பெரிய சாதனை இல்லை. சோப்புத் தண்ணீரும் அதைச் செய்யும். மூச்சுத் திணறிக் கட்டிலில் கிடக்கும் ஒரு மனிதரை மூலிகை காப்பாற்றுமா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் தேடிச் சீனர்கள் இருபது வருஷமாகச் சோதனைகள் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். சில மோசம், சில பரவாயில்லை, ஒன்றிரண்டு உண்மையிலேயே கனமானவை. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, ‘ஆஹா, பாரம்பரியம்’ என்று தலையில் வைத்துக்கொள்வதும் ‘எல்லாம் புரளி’ என்று குப்பையில் போடுவதும் எனக்கு ஒத்துவருவதில்லை.

நான் சிங்கப்பூரில் ஆஸ்பத்திரி பார்மசிஸ்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நோயாளி வார்டுக்கு வந்ததும் அவர் வீட்டில் என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டு எழுதிக்கொள்வது எங்கள் வேலையில் முக்கியமான பகுதி. இந்த ஊரில் அந்தக் கேள்வி மாத்திரையோடு முடியாது. அடுக்குமாடி புளோக்குக்குக் கீழேயே சீன மருந்துக்கடை இருக்கும். கூரை வரைக்கும் சின்னச் சின்ன இழுப்பறைகள், கைத்தராசில் நிறுத்துக் காகிதத்தில் பொட்டலம். இந்த மருத்துவத்தைப் பார்ப்பவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று 2000-ல் தனிச் சட்டமே வந்தது. ஆகவே அது எங்கோ தூரத்துச் சமாச்சாரம் அல்ல. பிளாஸ்கில் அடைத்து வார்டுக்கே வந்துவிடும்.

ஒரு தமிழ்த் தாத்தாவைச் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். நிமோனியா என்று சேர்த்திருந்தார்கள். இதயத் துடிப்பு சீராக இல்லாததால் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர். ரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண் அவருக்கு 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும். 6-ஐத் தாண்டியிருந்தது. ஈறில் கசிவு.

“தாத்தா, வீட்டுல வேற என்ன மருந்து சாப்பிடுறீங்க?”

“வேற ஒண்ணும் இல்லம்மா. டாக்டர் குடுத்ததுதான்.”

“நாட்டு மருந்து, சீன மருந்து ஏதாச்சும்?”

“மருந்தெல்லாம் இல்ல. சூப்புதான். மேல் மாடி ஆ மா, அந்தச் சீனப் பாட்டி, கொண்டாந்து குடுக்கும். இருமலுக்கு நல்லதுன்னு இந்த வாரம் தினமும் குடுத்துச்சு.”

மறுநாள் அவர் மகள் அந்தச் சூப்பில் போட்ட வேர்களின் மிச்சத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்தார். கூட வேலை பார்த்த சீனத் தோழி பையைத் திறந்து மோந்து பார்த்ததுமே, “டாங்குவி” என்றாள். அதற்கு செலரிக் கீரை மாதிரி ஒரு தூக்கலான வாசனை உண்டு. கூடவே செங்கல் நிறத்தில் குச்சி குச்சியாக டான்ஷென் வேர். இரண்டுமே வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டும் என்று மருந்தியல் நூல்கள் எச்சரிக்கிறவை.

ஆனால் சூப்பைக் கூண்டில் ஏற்றுவதற்குமுன் யோசிக்க வேண்டியிருந்தது. நிமோனியாவுக்காக அவருக்குக் கொடுத்திருந்த கிளாரித்ரோமைசினும் வார்ஃபரினைத் தூக்கிவிடும். காய்ச்சலில் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தாலும் ஐ.என்.ஆர். ஏறும். மூன்றும் ஒரே வாரத்தில் நடந்திருக்கிறது. யார் குற்றவாளி? ஒற்றை நோயாளியை வைத்துச் சொல்லவே முடியாது. வார்ஃபரினைச் சில நாள் நிறுத்தி வைத்தோம். நிமோனியாவும் தணிந்து தாத்தா வீட்டுக்குப் போனார். மேல் மாடி ஆ மாவுக்குச் சந்தேகமே இல்லை: சூப்பு வேலை செய்துவிட்டது! கெடுதலுக்குக் காரணம் சொல்ல முடியாத அதே ஒற்றை நோயாளியை வைத்துத்தான் நாம் குணத்துக்கு மட்டும் காரணம் சொல்லிவிடுகிறோம்.

நிமோனியாவைப் பற்றி இரண்டு வார்த்தை. நுரையீரலின் கடைசி நுனியில் இருக்கும் காற்றுப் பைகளில் சீழும் நீரும் தேங்கிக்கொள்வது அது. காரணம் பாக்டீரியாவாக இருக்கலாம், ஃப்ளூ, கொரோனா போன்ற வைரஸாக இருக்கலாம். பாக்டீரியா என்றால் ஆன்டிபயாட்டிக், ஃப்ளூ என்றால் ஓசல்டமிவிர், எதுவானாலும் தேவைக்கு ஆக்சிஜன், முற்றினால் வென்டிலேட்டர். இதுதான் வழக்கமான சிகிச்சை. இதெல்லாம் கொடுத்தும் ஐ.சி.யு.வில் பலர் இறந்துபோகிறார்கள். கிருமி செத்த பிறகும் அதை எதிர்த்துக் கிளம்பிய உடம்பின் கொந்தளிப்பு அடங்காமல் சிறுநீரகம், கல்லீரல் என்று ஒவ்வொன்றாகப் பழுதாக்குவதும் உண்டு. அந்தக் கொந்தளிப்புக்கு நேரடி மருந்து மேலை மருத்துவத்தில் அதிகம் இல்லை. அந்த இடத்தில்தான் சீன மூலிகைக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்கிறார்கள். 1950களிலிருந்தே இரண்டு மருத்துவமும் சேர்ந்து நடக்க வேண்டும் என்பது சீன அரசின் கொள்கை; அதனால் அங்கே ஒரே கம்பியில் ஆன்டிபயாட்டிக் பாட்டிலும் மூலிகை ஊசி மருந்தும் பக்கத்தில் பக்கத்தில் தொங்குவது யாருக்கும் ஆச்சரியம் தருவதில்லை.

சரி, சோதித்துப் பார்ப்பது எப்படி? நிமோனியாக்காரரிடமிருந்து ஆன்டிபயாட்டிக்கைப் பறித்துவிட்டு மூலிகை மட்டும் கொடுத்துப் பார்ப்பது கொலைக்குச் சமம். ஆகவே எல்லோருக்கும் வழக்கமான சிகிச்சை உண்டு. சீட்டுக் குலுக்கி, பாதிப் பேருக்கு அதோடு மூலிகையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. இரண்டு சட்டி ரசம் வைத்து, ஒன்றில் மட்டும் நெய்யில் தாளித்து, “இது நெய் ரசம்” என்று சொல்லிக் கொடுத்து, எது ருசி என்று கேட்டால் பதில் என்ன வரும்? கூடுதலாக ஒன்று கிடைத்தது என்று தெரிந்த நோயாளி, “இருமல் குறைஞ்சிருக்கு” என்று சொல்லத்தான் பார்ப்பார். அதைக் கொடுத்த டாக்டரும் அப்படித்தான் பார்ப்பார். அதனால் மற்ற குழுவுக்கும் அதே மாதிரி தெரிகிற, ஆனால் மருந்தில்லாத ஒன்றைக் கொடுக்க வேண்டும். எது யாருக்குப் போனது என்று நோயாளிக்கும் டாக்டருக்கும் தெரியக்கூடாது.

மாத்திரைக்கு இது சுலபம். கஷாயத்துக்குப் போலி செய்வது பெரும்பாடு. கேரமல் போட்டு நிறம் கொண்டுவருகிறார்கள், கசப்புக்கு ஏதோ சேர்க்கிறார்கள். அப்படியும் வாசனை வராமல், அசல் கஷாயத்தையே பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ கலந்துவிடுவதும் உண்டு. அப்படிக் கலந்தால் அது போலிதானா என்று வேறொரு சண்டை.

சீன வைத்தியர்களுக்கு இதைவிடப் பெரிய ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. நாக்கைப் பார்த்து, நாடி பிடித்து, ஆளுக்கேற்றபடி சரக்கைக் கூட்டிக் குறைப்பதுதான் அவர்கள் முறை. ஒரே நிமோனியாவுக்கு இரண்டு பேருக்கு இரண்டு சீட்டு எழுதுவார்கள். “எல்லோருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்தால் அது எங்கள் வைத்தியமே இல்லையே” என்பது அவர்கள் வாதம். இதை நான் சாக்குப்போக்கு என்று தள்ளமாட்டேன். ஆனால் கடையில் பெட்டி பெட்டியாக ஒரே கேப்ஸ்யூலை ஊருக்கெல்லாம் விற்கும்போது இந்த ஆட்சேபம் எங்கே போகிறது என்று கேட்கத் தோன்றும்.

இனி சோதனைகளுக்கு வருவோம். 2003 சார்ஸ் காலத்தில் நான் வேலையில் இருந்தேன். சிங்கப்பூரில் 238 பேருக்கு வந்து 33 பேர் இறந்தார்கள். சீனாவில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வந்தது. கையில் மருந்தில்லாத நேரம். ஸ்டீராய்டை அள்ளிக் கொடுத்தார்கள். பிழைத்தவர்களில் பலருக்குப் பின்னால் இடுப்பு எலும்பின் தலை செத்துப்போனது. அந்தச் சமயம் சீன ஆஸ்பத்திரிகளில் மூலிகையையும் சேர்த்துக் கொடுத்துச் சோதித்தார்கள். அந்தச் சோதனைகளையெல்லாம், மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து ஆராயும் கோக்ரேன் அமைப்பு 2012-ல் திரட்டிப் பார்த்தது. மொத்தம் 13 சோதனைகள். எல்லாவற்றிலும் சேர்த்து 640 நோயாளிகள். சராசரியாகச் சோதனைக்கு ஐம்பது பேர்கூட இல்லை. மூலிகை சேர்த்ததால் சாவு குறைந்ததாகத் தெரியவில்லை என்பது தீர்ப்பு. சில மூலிகைகள் நுரையீரல் நிழலைச் சீக்கிரம் கரைத்திருக்கலாம், ஸ்டீராய்டின் அளவைக் குறைக்க உதவியிருக்கலாம் என்றும் எழுதினார்கள். ‘லாம்’ போட்டு எழுதியதற்குக் காரணம், சோதனைகளின் தரம்.

2009 பன்றிக் காய்ச்சலின்போது நிலைமை தேறியிருந்தது. கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங் எழுதிவைத்த ஒரு பழைய கஷாயம். எஃபெட்ரா, கசப்பு வாதுமைப் பருப்பு, ஜிப்சம், அதிமதுரம் என்று நாலே சரக்கு. 1798-ல் வந்த வூ ஜூடோங்கின் நூலில் இன்னொரு சூரணம். ஹனிசக்கிளும் ஃபோர்சித்தியாவும் அதில் முக்கியம். இரண்டையும் ஒன்றாக்கி, 15 முதல் 59 வயது வரையுள்ள 410 பேரிடம் பதினொரு ஆஸ்பத்திரிகளில் சோதித்தார்கள். 2011-ல் அமெரிக்காவின் அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின் இதழில் முடிவு வந்தது. எதுவும் கொடுக்காதவர்களுக்குக் காய்ச்சல் விட 26 மணி நேரம், ஓசல்டமிவிர் கொடுத்தவர்களுக்கு 20, மூலிகைக்கு 16, இரண்டும் சேர்த்தால் 15. பார்க்க அழகான கணக்கு. ஆனால் போலி மருந்து கொடுக்கவில்லை. வந்தவர்களும் லேசான காய்ச்சல்காரர்கள். எதுவும் கொடுக்காவிட்டாலும் ஒரு நாளில் காய்ச்சல் விட்டுவிடுகிறது. இதை வைத்து நிமோனியாவைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

அதே இரண்டு பழைய மருந்துகளின் பேரப்பிள்ளைதான் லியான்ஹுவா சிங்வென் கேப்ஸ்யூல். சார்ஸ் சமயத்தில் வூ யீலிங் என்ற மருத்துவரின் நிறுவனம் பதின்மூன்று சரக்குகளைக் கூட்டி உருவாக்கியது. கொரோனா வந்ததும் 284 நோயாளிகளிடம் சோதித்தார்கள். சீட்டில் பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும், மீதிப் பேருக்கு அதோடு 14 நாள் கேப்ஸ்யூல். கேப்ஸ்யூல் குழுவில் 91.5 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் நீங்கின; மற்றதில் 82.4. பத்து நாள் ஆனது ஏழு நாளாகக் குறைந்தது. சார்ஸ் காலத்தில் பேர் பெற்ற மருத்துவர் ஜோங் நான்ஷான் ஆசிரியர் பட்டியலில் இருந்தார். கேப்ஸ்யூலைத் தயாரிக்கும் யீலிங் குழுமத்தின் மருத்துவமனையைச் சேர்ந்தவரும் இருந்தார். போலி மருந்து இல்லை; எது யாருக்கு என்பது எல்லோருக்கும் தெரியும். முக்கியமான விஷயம்: வைரஸ் மறைவதிலோ, நோய் முற்றுவதிலோ இரண்டு குழுவுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அதாவது, நெய் ரசம்.

இந்தச் சான்றோடுதான் 2022 ஏப்ரலில், ஊரடங்கில் கிடந்த ஷாங்காய்வாசிகளுக்கு வீடு வீடாக இந்தக் கேப்ஸ்யூல் பெட்டிகள் போய்ச் சேர்ந்தன. நோயில்லாதவர்களுக்கும். காய்கறிக்கு வழியில்லாமல் தவித்தவர்களுக்குக் கேப்ஸ்யூல் எதற்கு என்று சீனாவுக்குள்ளேயே பலர் கேட்டார்கள். நிறுவனத்தின் பங்கு விலை சரிந்தது. நியாயமாகச் சொல்ல வேண்டும்: 2023-ல் சீனாவோடு தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், வியட்நாம் ஆகிய நாடுகளிலும் போலி மருந்து வைத்து, இரு தரப்பும் அறியாமல் நடத்திய சோதனை வெளிவந்தது. லேசான, நடுத்தரக் கொரோனாக்காரர்களுக்கு அறிகுறி நீங்க 6.7 நாளுக்குப் பதில் 4 நாள் என்றது. நிறுவனம் இதை முதலிலேயே செய்திருக்கலாம். உயிரைக் காக்குமா என்ற கேள்வியை இதுவும் தொடவில்லை.

அந்தக் கேள்வியை நேராகத் தொட்டது ஷுவேபிஜிங். சீன மூலிகைச் சோதனைகளில் நான் உட்கார்ந்து மறுபடி மறுபடி படித்தது இதைத்தான்.

இது குடிக்கும் கஷாயம் அல்ல. நரம்பில் ஏற்றும் பழுப்பு நிற ஊசி மருந்து. சிங் வம்ச காலத்து வைத்தியர் வாங் சிங்ரென் எழுதிய ஒரு கஷாயத்தை மூலமாக வைத்து, தியான்ஜினில் வாங் ஜின்டா என்ற டாக்டர் உருவாக்கியது. 2004-ல் அரசு அனுமதி பெற்றது. ஐந்து சரக்கு: குசும்பாப் பூ, சிவப்புப் பியோனி வேர், சுவான்ஷியோங் கிழங்கு, பிறகு டாங்குவி, டான்ஷென். கடைசி இரண்டும் தாத்தாவின் சூப்பில் கிடந்தவையேதான். ஐந்தையும் சீன வைத்தியம் தேங்கிய ரத்தத்தை ஓடவைக்கும் சரக்குகள் என்று வகைப்படுத்துகிறது. கடும் தொற்றில் நுண் ரத்தக்குழாய்களில் குட்டிக் குட்டி ரத்தக் கட்டிகள் உருவாவதும், கொந்தளிப்பும் உறைதலும் ஒன்றையொன்று தூண்டிவிடுவதும் மேலை மருத்துவத்துக்கும் தெரிந்த விஷயம். இரண்டு பாஷையிலும் பேசப்படுவது கிட்டத்தட்ட ஒரே இடத்தைப் பற்றித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

2019-ல் கிரிட்டிகல் கேர் மெடிசின் இதழில் வந்த சோதனையில் 33 ஆஸ்பத்திரிகள், 710 நோயாளிகள். எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு வெளியே நிமோனியா தொற்றி, மிகக் கடுமையாகி வந்தவர்கள். அனைவருக்கும் வழக்கமான சிகிச்சை. பாதிப் பேருக்கு 12 மணிக்கொரு முறை 100 மில்லி ஷுவேபிஜிங், ஐந்திலிருந்து ஏழு நாள். மீதிப் பேருக்குப் போலி. 28 நாளில் போலிக் குழுவில் 24.6 சதவீதம் பேர் இறந்தார்கள். ஷுவேபிஜிங் குழுவில் 15.9. வென்டிலேட்டரில் இருந்த காலம் பதினாறரை நாளிலிருந்து 11 நாளாக இறங்கியது. பாதகமான நிகழ்வுகள் இரண்டு குழுவிலும் ஏறக்குறைய சமம்.

நூற்றுக்கு ஒன்பது உயிர். இவ்வளவு பெரிய எண்ணைப் பார்த்தால் பார்மசிஸ்டுக்குச் சந்தோஷம் வருமுன் சந்தேகம்தான் வரும். பழுப்புத் திரவத்தையும் தெளிந்த உப்புத் தண்ணீரையும் நர்ஸ் பார்த்தால் தெரியாதா? ஆனால் இங்கே எண்ணியது இருமலை அல்ல, சாவை. ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதில் யாருடைய நம்பிக்கையும் பெரிதாக விளையாட முடியாது. லியான்ஹுவாவின் ஏழு நாள், பத்து நாள் கணக்குக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

அதோடு நிறுத்தாமல், நான்ஜிங்கின் சியு ஹைபோ குழுவினர் இதைவிடப் பெரிய சோதனையை நடத்தினார்கள். நிமோனியா மட்டுமல்ல, எந்தத் தொற்றானாலும் உடம்பின் கொந்தளிப்பு உறுப்புகளைப் பழுதாக்கும் செப்சிஸ் நிலைக்குப் போனவர்கள்; 45 ஐ.சி.யு.க்கள், 1,817 பேர். இரு தரப்பும் அறியாத முறை. 2023-ல் ஜாமா இன்டர்னல் மெடிசினில் வெளியானது. சாவு, போலிக் குழுவில் 26.1 சதவீதம்; ஷுவேபிஜிங் குழுவில் 18.8. மறுபடியும் அதே திசை.

அப்படியானால் நாளைக்கே எல்லா ஐ.சி.யு.விலும் ஏற்றலாமே என்றால், எனக்கு சைக்ரிஸ் ஞாபகம் வருகிறது. அது மூலிகை அல்ல. அமெரிக்காவில் உயிரித் தொழில்நுட்பத்தில் தயாரித்த அசல் ‘மாடர்ன்’ செப்சிஸ் மருந்து. 2001-ல் 1,690 பேரிடம் நடந்த சோதனையில் சாவு 30.8 சதவீதத்திலிருந்து 24.7-க்கு இறங்கியது. ஏறக்குறைய ஷுவேபிஜிங் காட்டிய அளவு. உடனே அனுமதி, ஏகப்பட்ட விலை, பெரிய பெரிய எதிர்பார்ப்பு. பிறகு வேறொரு பெரிய சோதனையில் போலிக் குழுவைவிட ஒரு பயனும் இல்லை என்று தெரிந்து, 2011 அக்டோபரில் நிறுவனமே சந்தையிலிருந்து எடுத்துக்கொண்டது. ஷுவேபிஜிங்கின் இரண்டு பெரிய சோதனைகளும் சீன மண்ணில், சீன ஆஸ்பத்திரிகளில் நடந்தவை. வேறொரு நாட்டில், வேறு டாக்டர்களின் கையில் மூன்றாவது முறை ஜெயித்தால் நான் எழுந்து நின்று கைதட்டுவேன். அதுவரைக்கும் அது மேற்கொண்டு சோதிக்கத் தகுதி பெற்றுவிட்ட மருந்து. சாதாரண வார்த்தையில் சொன்னால், பாஸ். டிஸ்டிங்ஷன் இன்னும் இல்லை.

இந்த இடத்தில் யாராவது து யூயூவை இழுப்பார்கள். பழைய நூலில் குறிப்பைப் பார்த்து, 1971-ல் ஈதரில் சாறெடுத்து, மலேரியாவுக்கு ஆர்ட்டிமிசினின் கண்டு, 2015-ல் நோபல் வாங்கியவர். பெரிய சாதனை. ஆனால் கடைசியில் கையில் நின்றது ஒற்றை வேதிப்பொருள். அதன் எடை, தூய்மை, அளவு எல்லாம் தெரியும். ஐந்து வேரின் கலவைக்கு அந்த வசதி கிடையாது.

கலவை என்றதும் பயப்பட வேண்டிய ஒன்று, உள்ளே இருப்பது சொன்ன வேர்தானா என்பது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில் உடம்பு இளைக்கச் சீன மூலிகை கலந்த மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு வரிசையாகச் சிறுநீரகம் செயலிழந்தது. சேர்க்க வேண்டிய ஸ்டெஃபானியா வேருக்குப் பதில் அரிஸ்டலோகியா சேர்ந்துவிட்டிருந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். சிலருக்குப் பின்னால் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. இன்னொன்று, எந்த வழியாக உள்ளே போகிறது என்பது. ஹூட்டுய்னியா என்று ஒரு கீரை. தென்மேற்குச் சீனாவில் அதன் வேரை மிளகாய் போட்டுப் பிசைந்து சாப்பிடுவார்கள், ஒன்றும் ஆகாது. அதையே சாறெடுத்து நரம்பில் ஊசியாகப் போட்டபோது சிலருக்குக் கடும் ஒவ்வாமை வந்து உயிர்கூடப் போனது. 2006 ஜூனில் அந்தச் சரக்குள்ள ஏழு வகை ஊசிகளைச் சீன அரசே நிறுத்தி வைத்தது. பாட்டி காலத்து மருந்து என்ற சர்டிபிகேட், பாட்டி கொடுத்த வழிக்குத்தான் செல்லும். எந்தப் பாட்டியும் கஷாயத்தை நரம்பில் ஏற்றவில்லை.

இந்தக் குழப்பத்தையெல்லாம் ஒழுங்குக்குக் கொண்டுவர, மூலிகைக் கலவைச் சோதனையை எப்படி எழுதிப் பிரசுரிக்க வேண்டும் என்று 2017-ல் சர்வதேச விதிமுறை ஒன்று வந்திருக்கிறது. எந்தச் செடி, எந்தப் பாகம், எப்படிப் பதப்படுத்தியது, எத்தனை கிராம், தரத்தை எப்படிச் சோதித்தார்கள், எல்லாம் எழுத வேண்டும். சலிப்பூட்டும் பட்டியல். ஆனால் அந்தப் பட்டியல் இல்லாத ஆய்வை நான் இப்போதெல்லாம் இரண்டாம் பக்கத்துக்குமேல் புரட்டுவதில்லை.

கொரோனா சமயத்திலிருந்து, “கபசுரக் குடிநீர் எப்படி?” என்று கேட்கும் சொந்தக்காரர்கள் எனக்கு ஏராளம். அவர்களிடமும் இதே கேள்விகளைத்தான் திருப்பிக் கேட்கிறேன்: எதோடு ஒப்பிட்டார்கள்? யாருக்கு எது போனது என்று யாருக்குத் தெரியும்? எண்ணியது இருமலையா, உயிரையா? நாளைக்கு எந்த மூலிகையைப் பற்றிச் செய்தி வந்தாலும் கடைக்கு ஓடுவதற்குமுன் நீங்களும் இவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

அதைவிட அவசரமான வேண்டுகோள் ஒன்று. காய்ச்சலோடு மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு குத்தினாலோ, வயதானவர் திடீரென்று குழம்பிப் பேசினாலோ, எந்தக் கஷாயத்தையும் வைத்துக்கொண்டு வீட்டில் நாள் பார்க்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகும்போது நாட்டு மருந்தோ, சீன மருந்தோ, பக்கத்து வீட்டுச் சூப்போ, எது குடித்திருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். முடிந்தால் பொட்டலத்தையே கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். யாரும் திட்டமாட்டார்கள். திட்டினால், பார்மசிஸ்டைக் கூப்பிடச் சொல்லுங்கள்.